என் மகள் இந்த விலாசத்தில் இல்லை

1

என் மகள் இந்த வீட்டில் இல்லை என்று டென்மார்க் பொலிஸுக்கு நான் பொய் சொன்னேன். அவள் அப்போது மேல்மாடியில் தலைமயிரைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். காற்றடிக்கும் அந்தக் கருவியின் இரைச்சல் வாசல்வரை கேட்டது. பொலிஸுக்கும் கேட்டிருக்கும்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் அவசரப்பட்டு ஒன்றும் நினைக்கவேண்டாம். ஆரணி ஒரு குற்றமும் செய்யவில்லை. இருபத்தைந்து வயதுப் பிள்ளை. பக்கத்து நகரமான ஹேர்ணிங்கில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் தெருவைக் கடக்கமாட்டாள். நான் அவசரத்தில் இறங்கினால் என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் நான் பொலிஸிடம் ஒளித்தேன்.

அது ஒரு சனிக்கிழமை முற்பகல். இக்காஸ்ட் என்கிற எங்கள் சிறிய ஊரில் சனிக்கிழமை முற்பகலில் மணி அடித்தால், கோயில் உபயத்துக்குக் காசு சேர்க்க வருகிற எங்கள் ஆட்களாக இருக்கும், அல்லது பைபிளோடு வருகிற வெள்ளைக்காரர்களாக இருக்கும். வெங்காயக் கையோடு போய்த் திறந்தேன். ஓர் ஆணும் இளம் பெண்ணுமாக இரண்டு பொலிஸ் நின்றார்கள். இருவருக்கும் சிரித்த முகம். "ஆரணி இங்கேதானே வசிக்கிறார்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

"இங்கே இல்லையா? எங்களிடம் இந்த விலாசம்தான் இருக்கிறது."

"இல்லை. அவள் இங்கே இல்லை. போய்க் கனகாலம். எங்கே என்று எங்களுக்குத் தெரியாது."

முப்பது வருஷமாக என் வாயில் தடக்கி விழுகிற டெனிஷ் மொழி, அன்று ஒரு பிழையில்லாமல் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை. கை சுட்டால் இழுத்துக்கொள்வதுபோல் வந்த பதில் அது. அந்தப் பெண் கீழே பார்த்தாள். வாசற்படியில் மகளின் சேற்றுச் சப்பாத்துகள் இருந்தன. தபால் பெட்டியில் மூன்று பெயர்கள் ஒட்டியிருந்தன, மூன்றாவது அவளுடையது. அந்தப் பெண் அதையும் பார்த்தாள். பிறகு இருவரும் நன்றி சொல்லிவிட்டு, நல்ல வார இறுதி கிடைக்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

மேலேயிருந்து மகள் கேட்டாள்: "ஆரம்மா வந்தது?"

"ஒருத்தருமில்லை. விளம்பரம் போடுற ஆக்கள்" என்றேன். கதவைப் பூட்டிவிட்டு வந்து வெங்காயத்தை வெட்டி முடித்தேன். 

2

அவர்கள் வந்தது துவக்குக்காக.

பதறவேண்டாம், இதற்கும் ஒரு கதை இருக்கிறது. இந்த நாட்டில், அதுவும் நாங்கள் இருக்கிற யூலாந்துப் பக்கத்தில், வேட்டை என்பது மரியாதையான பொழுதுபோக்கு. பல் வைத்தியரும் போவார், பஸ் ஓட்டுகிறவரும் போவார். அதற்கு ஒரு வகுப்பு உண்டு. எந்தப் பறவையை எந்த மாதம் சுடலாம், எது சினைப்பட்ட மான், காயப்பட்ட மிருகத்தை எப்படித் தேடிப் போவது என்று எல்லாம் படித்துப் பரீட்சை எழுதவேண்டும். பிறகு துவக்கைப் பிடிக்கத் தெரியுமா என்று வெளியில் வைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் பொலிஸ் உங்களைப் பற்றி விசாரிக்கும். வீட்டில் சுவரோடு பூட்டிய இரும்பு அலுமாரி இருக்கவேண்டும். அதன் பூட்டு எண் துவக்குக்காரரைத் தவிர வேறொருவருக்கும் தெரியக்கூடாது, பெற்ற தாய்க்கும் தெரியக்கூடாது. இவ்வளவுக்கும் பிறகுதான் கையில் தருவார்கள்.

ஆரணி வேலைத்தலத்துச் சிநேகிதி ஒருத்தியோடு ஒரு குளிர்காலம் முழுவதும் இந்த வகுப்புக்குப் போனாள். எங்களுக்குச் சொன்னது யோகா வகுப்பு என்று. பரீட்சையில் சித்தியடைந்த பிறகுதான் உண்மையைச் சொன்னாள். அதுவும் வாயால் சொல்லவில்லை. ஒரு மான் தொடையைக் கொண்டுவந்து குசினியில் சமையல் மேசைமேல் வைத்தாள்.

"இதென்ன?" என்றேன்.

"மான். நான் சுடேல்லை. நான் சும்மா பக்கத்தில இருந்தனான்."

என் மனுசனைப் பற்றிச் சொல்லவேண்டும். இவருக்கு யன்னல் செய்கிற தொழிற்சாலையில் சிப்ட் வேலை. உலகத்தில் எந்தப் பிரச்சினை வந்தாலும் முதலில் தூங்கி எழும்பவேண்டும் என்பது இவருடைய கொள்கை. அன்று நான் சத்தம் போட்டுக்கொண்டிருக்க, இவர் அந்தத் தொடையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று. வன்னியில் மாமா வீட்டில் சாப்பிட்டதற்குப் பிறகு மான் இறைச்சி கண்ணால் கண்டதில்லையாம்.

"இஞ்சேரும், முதல்ல மிளகு கூடப் போட்டு ஒரு பிரட்டல் வையும். சண்டையைச் சாப்பிட்டுட்டுப் பிடிப்பம்" என்றார்.

வைத்தேன். என்ன செய்கிறது? கறி நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடிந்தபிறகு இவர் மகளின் கட்சிக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதம் இரும்பு அலுமாரி வந்தது. பழையது ஒன்றை எங்கேயோ மலிவாகப் பிடித்திருந்தாள். இவரும் தொழிற்சாலைச் சிநேகிதர் ஒருவரும் மூச்சு வாங்கிக் கொண்டுவந்து, உடுப்புத் தோய்க்கிற அறையில், அரிசி மூட்டை வைக்கிற மூலையில் சுவரோடு பூட்டினார்கள். நான் அரிசி மூட்டையை அசைக்க மறுத்தேன். அவர்கள் அதை அசைத்துவிட்டுப் பூட்டினார்கள்.

இவருக்கு அந்தப் பெட்டியில் வேறு ஓர் ஆசை. சில வருஷங்களுக்கு முன், நாங்கள் திருவிழாவுக்குப் போன நேரம் வீட்டை உடைத்து நகையை எடுத்துவிட்டார்கள். தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்று கள்ளருக்குத் தெரியும், எந்த நாளில் எல்லாரும் கோயிலில் நிற்போம் என்றும் தெரியும். "துவக்கு வராட்டிலும் பரவாயில்லை, பெட்டி இருக்கட்டும்" என்று இவர் மிஞ்சிய காப்புகளையும் என் தாலிக்கொடியையும் அதற்குள் வைக்கப் பார்த்தார். மகள் விடவில்லை. சட்டப்படி அந்தப் பெட்டியை அவள் மட்டும்தான் திறக்கலாமாம். "அப்ப அம்மா தாலி போடுறதுக்கும் உன்னட்டத்தான் கேக்கவேணுமோ?" என்று இவர் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் வீட்டுக்குள், என் அரிசி இருந்த இடத்தில், எனக்குத் திறக்க உரிமையில்லாத ஒரு பெட்டி.

"ஏனடி உனக்கு இந்த வேட்டை?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், ஆனால் அறியவும் விரும்பினேன்.

அவள் தமிழில் தொடங்கி டெனிஷுக்குப் போனாள். பெரிய விஷயம் எதையும் அவள் டெனிஷில்தான் சொல்லுவாள். சின்ன விஷயங்களுக்கு, உப்பு, சாவி, போட்டு வாறன், இவற்றுக்கு மட்டும் தமிழ். காட்டு ஓரத்தில் ஓர் ஏணி மேல் கட்டிய பலகையில் விடியுமுன் போய் உட்காருவார்களாம். மணித்தியாலக்கணக்கில் பேசக்கூடாது, இருமக்கூடாது. முக்கால்வாசி நாள் ஒன்றையும் சுடாமல் திரும்பி வருவார்களாம். "நான் கதைக்கவேண்டும் என்று ஒருத்தரும் எதிர்பார்க்காத இடம் அது ஒன்றுதான், அம்மா. தமிழிலும் இல்லை, டெனிஷிலும் இல்லை."

 பதில் சொல்லத் தெரியாதபோது நான் செய்கிறதைத்தான் செய்தேன். சத்தத்தைக் கூட்டினேன். "இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தா நான் வெளியில போவன்" என்றேன்.

"ஏன்?" என்றாள்.

"வேண்டாமெண்டா வேண்டாம்" என்றேன். 

3

என் தங்கை வசந்தி அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்போம். பெட்டி வந்த கதையைச் சொல்லி அழலாம் என்று எடுத்தால், அவள் சிரிக்கிறாள்.

"ஒரு மான் சுடுற துவக்குக்கோ இவ்வளவு ஒப்பாரி? எங்கட வீட்டில கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சியிலயே கைத்துவக்கு இருக்கு. எங்கட கடையில கொள்ளை அடிக்க வந்த நாளிலயிருந்து என்ர மனுசன் வாங்கி வச்சிருக்கிறார். இஞ்ச அது உரிமை அக்கா. ஒருத்தரட்டையும் கைகட்டி நிண்டு கேக்கத் தேவையில்லை."

"லாச்சியிலயோ? உன்ர பேரப்பிள்ளை தவழ்ந்து திரியுதே."

"பூட்டித்தான் கிடக்கு."

"கள்ளன் வந்தா, அண்ணை கொஞ்சம் பொறுங்கோ திறப்பைத் தேடி எடுக்கிறன் எண்டு சொல்லுவியோ?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே குணம். கோபம் வந்தால் ஆளுக்கு ஆள் பழைய இடத்துக்கே ஓடுவோம். "அப்பாவும் உன்னை மாதிரித்தான்" என்றாள். "சட்டம் சட்டமெண்டு துவக்கைக் கொண்டுபோய்க் குடுத்தார். பிறகு அண்ணையையும் குடுத்தார்."

இதை விளக்கவேண்டும். ஊரில், வலிகாமத்தில், எங்கள் வீட்டில் லைசென்ஸ் துவக்கு ஒன்று இருந்தது. அப்பாவின் தகப்பன் காலத்துச் சாமான். வௌவாலுக்கும் காகத்துக்கும் வெடி வைப்பதைத் தவிர அது வேறு பாவம் அறியாது. அப்பா தபால் கந்தோரில் இருந்தவர். முத்திரை குத்திய கடதாசியை நம்புகிறவர். கலவரம் தொடங்கிய காலத்தில், லைசென்ஸ் துவக்குகளை எல்லாம் ஒப்படைக்கவேண்டும் என்று அரசாங்கக் கட்டளை வந்தது. ஊரில் பலர் ஒளித்தார்கள். அப்பா எண்ணெய் போட்டுத் துடைத்து, சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அதற்கான பற்றுச்சீட்டுத் துண்டு வாங்கி வந்தார். சில மாதம் கழித்து, யார் யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று கேட்டு மற்றப் பக்கத்தார் வந்தபோது, அந்தத் துண்டைக் காட்டினார். அவர்கள் போய்விட்டார்கள். ஒளித்துவைத்த வீடுகளில் அடி விழுந்தது.

பிறகு ஒரு நாள் காலையில், சீருடை போட்டவர்கள் வந்து அண்ணையின் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். எந்தச் சீருடை என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் வாசிக்கிறவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தோடு அண்ணையை மறந்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டு வருகிற எவருக்கும் எங்கள் ஊரில் ஒரே பதில்தான். பிள்ளை இங்கே இல்லை, கனகாலம், எங்கே என்று தெரியாது. பெற்றவர்கள் நித்திரையிலும் அதைச் சொல்லுவார்கள். எங்கள் அப்பா மட்டும் சொன்னார்: "உள்ளுக்குத்தான் நிக்கிறான். பொறுங்கோ, கூப்பிடுறன்."

பிழை செய்யாத பிள்ளை, விசாரித்துவிட்டு விடுவார்கள் என்று நம்பினார். அண்ணை சாரத்தை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

"அண்டைக்கு அந்தத் துவக்கு வீட்டில இருந்திருந்தா அவங்கள் வந்திருப்பாங்களோ?" என்று வசந்தி கேட்டாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவள் கேட்கிற கேள்வி.

"இருந்திருந்தா அண்ணையோட எங்களையும் சேத்துக் கொண்டு போயிருப்பாங்கள். ஒரு பழைய வௌவால் துவக்கால நீ ஒரு பட்டாளத்தை நிப்பாட்டுவியோ?" இது என்னுடைய பதில். இதையும் அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரே வாசலில், ஒரே காலையில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த இரண்டு சகோதரிகள். அவள் கண்டது துவக்கு இல்லாததால் வந்த வினை. நான் கண்டது துவக்கால் வந்த வினை. யார் சொல்வது சரி என்று தீர்த்துவைக்க இனி ஒருவரும் இல்லை. அன்றும் தொலைபேசியைப் பட்டென்று வைத்தேன். அவளும் வைத்தாள்.

4

இப்போது பொலிஸ் வந்த கதைக்குத் திரும்புவோம். அவர்கள் வந்தது ஆரணியின் விண்ணப்பத்துக்காக, அலுமாரி ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க. எல்லா வீட்டுக்கும் இப்படி வருவதில்லையாம். என் அதிர்ஷ்டம், எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

என் பொய் இரண்டு கிழமையில் குட்டி போட்டது. பொலிஸ் அவளுடைய விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது. அதோடு, இந்தப் பெண் பதிந்த விலாசத்தில் இல்லையாம் என்று கொம்யூனுக்கு, அதாவது எங்கள் நகரசபைக்கு, அறிவித்தும் விட்டது. இந்த நாட்டில் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கவேண்டும். ஒரு விலாசத்தைப் பதிந்துவிட்டு வேறெங்காவது இருந்தால் தண்டம். கொம்யூனின் கடிதம் மகளின் கைத்தொலைபேசியில் டிங் என்று வந்து விழுந்தது.

அவள் படி இறங்கி வந்தபோது முகம் சிவந்திருந்தது. "நீங்க பொலிசுக்குப் பொய் சொன்னனீங்களோ?" என்று தமிழில் கேட்டாள். பிறகு டெனிஷில் பொரிந்து தள்ளினாள். துவக்கு பிடிக்காவிட்டால் என்னோடு சண்டை பிடி, ஆனால் முதுகுக்குப் பின்னால் இப்படிக் குழி பறிப்பாயா? நான் இந்த நாட்டு அரசாங்கத்துக்கு ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. உன்னால் என் பெயர் பொலிஸில் கிடக்கிறது.

"குழி பறிக்கேல்லை" என்றேன்.

"அப்ப ஏன்?"

"தெரியேல்லை."

அது உண்மை. ஆனால் கேட்கிறவருக்கு அது பொய்போலத்தான் இருக்கும். இவர் நித்திரையால் எழும்பி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

அதன்பிறகு நாங்கள் மகள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்று நிரூபிக்கத் தொடங்கினோம். நான் பெற்று, பாலூட்டி, பாலர் பள்ளிக்குச் சைக்கிளின் முன்னால் வைத்து மழைக்குள் மிதித்த பிள்ளை என் வீட்டில்தான் இருக்கிறாள் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள். அவளுடைய கட்டிலைப் படம் எடுத்தோம். பக்கத்து வீட்டுக் கிழவரிடம், ஒவ்வொரு நாளும் காலையில் அவள் காரை எடுக்கிறதைக் காண்கிறேன் என்று எழுதி வாங்கினோம். அவர் முதலில் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கடைசியில், பொய் சொன்ன ஆள் நேரில் வந்து விளக்கவேண்டும் என்று கொம்யூனில் சொன்னார்கள்.

கொம்யூன் கந்தோரில் எனக்கு முன் இருந்த பெண் நல்ல மனுசி. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் மெதுவாகக் கதைத்தாள். நான் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவள். காது கேளாத கிழவர்களோடு நான் கதைக்கிற அதே குரலில் அவள் என்னோடு கதைத்தாள்.

"பொலிஸ் என்ன கேட்டார்கள் என்று உங்களுக்கு விளங்கவில்லை, அப்படித்தானே?"

"விளங்கினது."

"அவசரத்தில் சொல் மாறிவிட்டது?"

"இல்லை. சரியாகத்தான் சொன்னேன். எங்கள் ஊரில்..." என்று தொடங்கினேன்.  எங்கே தொடங்குவது? சைக்கிளில் கட்டிய துவக்கில் தொடங்குவதா, அண்ணை மாற்றிய காற்சட்டையில் தொடங்குவதா? அவளுக்கு அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார்.

அவள் அன்போடு தலையாட்டினாள். மொழிச் சிக்கலால் ஏற்பட்ட தவறான புரிதல் என்று கணினியில் தட்டினாள். அதுதான் எல்லாருக்கும் சுகம் என்றாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எந்த மொழியில் சொல்லுவேன். முப்பது வருஷம் இரவு வகுப்பு, பரீட்சை, குடியுரிமைப் பரீட்சை. ஒரே ஒரு நாள் நான் பிழையில்லாமல் டெனிஷ் பேசினேன், அந்த நாளை மொழி தெரியாதவள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மாற்றி எழுதச் சொல்லி எழும்பினேன். மகள் என் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, விடுங்கோ. ப்ளீஸ். அப்பிடியே இருக்கட்டும்."



5

எங்கள் மண்டபச் சுவரில் மூன்று படங்கள் இருக்கின்றன. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மாலை உண்டு, மின்சார விளக்கு உண்டு. அண்ணையின் படம் வெறுமனே இருக்கிறது. மாலை போட்டால் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று அம்மா சாகும்வரை விடவில்லை. போன திகதி தெரியும், செத்த திகதி தெரியாது. ஆகவே திதியும் இல்லை. நானும் அப்படியே மாட்டிவிட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போது மகள் திரும்பவும் கேட்டாள், இந்தமுறை சத்தமில்லாமல்: "பொலிஸ் கேட்ட உடனே ஏனம்மா இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

நான் அந்தப் படத்தைக் காட்டினேன். "மாமாவைக் கேட்டு வந்தபோது அப்பப்பா ஓமெண்டு சொன்னவர்" என்று தொடங்கி, அம்மப்பா என்று திருத்தி, பிறகு ஒரேயடியாகச் சொல்லிமுடித்தேன். பகல் வெளிச்சத்தில், குளிர்ச்சட்டைகூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடி சொன்னேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா செத்துப்போனாரோ?"

"தெரியாது."

"நான் அவர் லண்டனில இருக்கிறார் எண்டு நினைச்சன். மாலை இல்லைத்தானே. ஒருத்தரும் அவரைப் பற்றிக் கதைக்கிறேல்லை. அப்ப உங்களோட கோவம், அதுதான் வாறதில்லை எண்டு நினைச்சன்." பிறகு டெனிஷில் சொன்னாள்: "சின்ன வயதில் எனக்கு அவர்மேல் கோபம். என் பிறந்தநாளுக்கு ஒருமுறைகூட அவர் வரவில்லை என்று."

அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. அவளும் அழுதாள். இவர் வந்து பார்த்துவிட்டு, இந்தமுறை தேத்தண்ணி வைக்கப் போகாமல் எங்களோடு நின்றார்.

இத்தோடு அவள் துவக்கை விட்டுவிடுவாள் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், அழுதுகொண்டிருக்கும்போதே நினைத்தேன். எந்தத் தாயும் நினைப்பாள். அவள் விடவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து குசினியில் எனக்கு முன்னால் இருந்தாள்.

"அம்மா, அங்கே ஒப்படைத்தவருக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை, வைத்திருந்தவருக்கும் இருக்கவில்லை. கேட்டு வந்தவர்களைக் கேள்வி கேட்க ஒருவரும் இல்லாததுதான் பிரச்சினை. இங்கே அப்படியில்லை. என்னிடம் துவக்கு இருக்கலாமா என்று ஆராய்கிறார்கள். நான் கிறுக்குத்தனம் செய்தால் பறிப்பார்கள். பொலிஸ் பிழை செய்தால் நான் முறையிடலாம். சித்தி சொல்வதுபோல் இது எனக்கு உரிமையும் இல்லை. கேட்டு வாங்குகிற அனுமதி. எனக்கு அது போதும்."

"நாளைக்கு இந்த நாடும் மாறினா?" என்று கேட்டேன். "அப்ப எந்தெந்த வீட்டில துவக்கு இருக்கெண்டு அவங்களுக்கு முதலே தெரியும். நேர உன்ர கதவுக்குத்தான் வருவாங்கள்."

"மாறினா, துவக்கு இல்லாட்டிலும் வருவினம் அம்மா. எங்கட பேர் வேறதானே" என்றாள். அதைத் தமிழில் சொன்னாள். 

பிறகு எழும்பி என் தோளில் கைவைத்தாள். "நீங்கள் இருக்கிற வீட்டுக்குள்ள நான் அதைக் கொண்டு வரமாட்டன். வடிவா விளங்குது. ஆனா எனக்கு அது வேணும். நான் ஹேர்ணிங்கில ஒரு வீடு பாக்கிறன்."

அவள் சொன்னது நியாயம். முழுக்க முழுக்க நியாயம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் இரண்டு நாளில் திறந்திருப்பாள். இவ்வளவு மரியாதையாகப் போகிற பிள்ளையை எதைச் சொல்லி மறிக்கிறது? "துவக்கு வந்தா நான் வெளியில போவன்" என்று வீராப்புப் பேசினது நான். வெளியே போனது அவள்.

வசந்திக்குச் சொன்னேன். "கலியாணம் கட்டாமல் தனிய விடுறியோ?" என்று பாய்ந்தாள். லாச்சியில் துவக்கு வைத்துக்கொண்டு அவளுக்குப் பயம் அதுதான்.

6

இரும்பு அலுமாரியை இவரும் அதே சிநேகிதரும் கழற்றி ஏற்றினார்கள். தூக்கும்போது இவர் பகிடி ஒன்றும் விடவில்லை. அரிசி மூட்டையைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். துவக்கும் பிறகு அவளுக்குக் கிடைத்ததாம். அவளுடைய புது வீட்டில் இருக்கிறது. நான் போகும்போது அந்த அறைப்பக்கம் பார்ப்பதில்லை, அவளும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. மான் இறைச்சி மட்டும் பெட்டியில் போட்டு இவருக்கு வருகிறது.

போன வெள்ளிக்கிழமை நான் வேலையால் வந்து உடுப்பு மாற்றுமுன் தொலைபேசி அடித்தது. கொம்யூன் பெண். அதே மெதுவான குரல்.

"உங்கள் மகள் விலாசம் மாற்றியதாக எங்களுக்கு அறிவித்திருக்கிறார். முன்னர் நடந்ததால் ஒருமுறை உங்களிடம் உறுதிப்படுத்தவேண்டியிருக்கிறது. முதலில் அவர் அங்கே இல்லை என்றீர்கள். பிறகு இருக்கிறார் என்றீர்கள், கடிதங்களும் தந்தீர்கள். இப்போது இல்லையா?"

"இல்லை" என்றேன்.

"இந்தமுறையும் தவறான புரிதலாக இருக்கக்கூடுமா?"

"இல்லை."

"மன்னியுங்கள், கேட்கவேண்டியது என் கடமை. சில பேர் வாடகை உதவிக்காகப் பெயரளவில் மட்டும் மாறுவார்கள். அவர் இன்னமும் உங்களிடம் வந்து படுக்கிறாரா?"

"படுக்கிறதில்லை."

"அவருடைய சாமான்கள் அங்கே இருக்கின்றனவா? கட்டில், உடுப்புகள்?"

நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேலே ஏறிப்போனேன். கொம்யூன் பெண் நம்பவேண்டுமே, பார்த்துத்தான் சொல்லவேண்டும். அறைக்குள் இவர் உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கட்டில் இல்லை என்றேன். அலுமாரியைத் திறந்து, உடுப்பும் இல்லை என்றேன். குளியலறையில் மகளின் தலைமயிர் காயவைக்கும் கருவி தொங்கிய கொளுக்கி வெறுமையாக இருந்தது, அதையும் சொன்னேன். தபாலும் வருவதில்லை என்றேன். வேலைநாட்களில் வரமாட்டாள், சில ஞாயிறு மத்தியானம் சாப்பிட வருவாள், பின்னேரம் போய்விடுவாள் என்றேன். அந்தப் பெண் ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் விடாமல் சொல்லிக்கொண்டேபோனேன், அவள் நம்பாமல் விட்டுவிடுவாளோ என்று பயந்ததுபோல.

"போதும், போதும்" என்றாள். "இப்போது எல்லாம் தெளிவாக இருக்கிறது. அவரை உங்கள் விலாசத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். நல்ல வார இறுதி கிடைக்கட்டும்."

"கொஞ்சம் பொறுங்கோ" என்றேன்.

தமிழில் சொல்லிவிட்டேன். டெனிஷில் திருப்பிச் சொல்லுமுன் அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.